புதுத் துறை ஒண்டைச் சுத்தி ஆக்கள் எப்பிடிச் சேருறாங்க? திருகோணமலைத் திமிங்கிலத்தை வைச்சு ஒரு பதில்

தம்பி, நீங்க கேட்டது ரெண்டு கேள்வி. விஞ்ஞானத்தில புதுசா ஒரு துறை வரேக்க அதைச் சுத்தி சங்கம், ஜேர்னல், கொன்பரன்ஸ், கம்பனி, அரசாங்க ஒபிஸ் எண்டு ஒரு ஊரே எப்பிடி உருவாகுது எண்டது முதலாவது. திருகோணமலை மாதிரி இடத்தில இருந்துகொண்டு அப்பிடி ஒண்டுக்குள்ள நாங்களும் ஒரு ஆளா நிக்க ஏலுமா எண்டது ரெண்டாவது. ரெண்டையும் சேர்த்தே சொல்லுறன், ஏனெண்டா நான் இருபது வருசத்துக்கு மேல ஏ லெவல் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிச்சாலும் எனக்கு இந்த விசயம் விளங்கினது உப்புவெளிக் கரையில வைச்சுத்தான்.

பொதுவா நாங்க நினைக்கிறது என்னெண்டா ஒரு பெரிய மூளைக்காரர் ஒரு தியரி கண்டுபிடிப்பார், மற்றாக்கள் அதை வாசிச்சிட்டு பின்னால வருவாங்க, பிறகு சங்கம் கட்டுவாங்க எண்டு. சில இடத்தில அப்பிடியும் நடந்திருக்கலாம். ஆனா நான் வாசிச்சும் பார்த்தும் அறிஞ்ச வரைக்கும் ஆக்களைச் சேர்க்கிறது ஒரு சாமான். தனி ஆள் வைச்சுப் பராமரிக்க ஏலாத, ஆனா எல்லாருக்கும் தேவைப்படுற ஒரு பொதுச் சாமான். அது ஒரு போட்டோ அல்பமா இருக்கலாம், ஒரு புழு வகையா இருக்கலாம், "இதைத்தான் எல்லாரும் பாவிக்கிறது" எண்டு ஒரு ஒப்பந்தமா இருக்கலாம். அதை ஆர் வைச்சிருக்கிறது, ஆர் பார்க்கலாம், ஆர் திருத்தலாம் எண்டு கதைக்கத் தொடங்கினாங்க எண்டா அந்த இடத்தில அமைப்பு பிறந்திட்டுது எண்டு அர்த்தம். பேர்ப்பலகை பிறகு வரும்.

எனக்கு இது உறைச்ச நாளைச் சொல்லுறன். ஒரு ஏப்ரல் மாசம், காலமை போட்ல போய் வந்து, வாடியில மீன் பெட்டிக்கு மேல லாப்டொப்பை வைச்சு அண்டைக்கு எடுத்த நீலத் திமிங்கிலப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன். நீலத் திமிங்கிலத்தின்ர முதுகு கிட்டப் போய்ப் பார்த்தா நீலம் இல்ல, சாம்பல், அதில வெளிறின புள்ளியும் திட்டும் கலந்து, மழைத்துளி விழத் தொடங்கின சீமெந்துத் தரை மாதிரி இருக்கும். அந்தத் திட்டு ஒவ்வொண்டுக்கும் வேற வேற, எங்கட கைரேகை மாதிரி. முதுகுச் செட்டை உடம்புக்குப் பொருத்தமில்லாத சின்னன், அதில ஏதும் வெட்டு விழுந்திருந்தா இன்னும் லேசாப் பிடிக்கலாம். எனக்குப் பின்னால நிண்ட போட்காரர், ஐம்பத்தஞ்சு வயசு வரும், ஒரு படத்தைக் கண்டவுடன "இவன் போன வருசமும் வந்தவன் சேர், செட்டையில கடிபட்டவன்" எண்டார். நான் நம்பேல்ல. போன வருசத்து போல்டரைத் திறந்து தேடினா முக்கால் மணித்தியாலம் கழிச்சு ஆப்பிட்டுது. அதே வெட்டு, அதுக்குக் கீழ அதே மூண்டு வெள்ளைத் திட்டு.

சந்தோசத்தில ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சம். பிறகுதான் படத்தின்ர திகதியைப் பார்த்தன். 2000 ஜனவரி 1. கமெராவில பற்றரி மாத்தேக்க மணிக்கூடு அழிஞ்சிருக்கு, நான் கவனிக்கேல்ல. எந்த நாள் எடுத்தது, எந்த இடம், பக்கத்தில எத்தனை நிண்டது எண்டு ஒண்டும் இல்ல. அந்தத் திமிங்கிலம் திரும்பி வந்தது எங்க ரெண்டு பேருக்கும் சத்தியமாத் தெரியும், ஆனா உலகத்தில வேற ஒருத்தருக்கும் அதைக் குடுக்க ஏலாது. அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரை வரேல்ல. ஒரு ஆளின்ர அறிவுக்கும் ஒரு துறையின்ர அறிவுக்கும் நடுவில இருக்கிற இடைவெளி அந்தத் திகதிதான் எண்டு விளங்கினது அப்பத்தான்.

சரி, இனி அந்தத் துறை எப்பிடி வந்தது எண்டு பாப்பம். திமிங்கிலத்தைப் பற்றின ஆராய்ச்சி பழசு, ஆனா நூறு வருசத்துக்கு முன்னால அது முழுக்க வெட்டுக் களத்தில நடந்தது. 1925ல பிரித்தானியர் தென் ஜோர்ஜியாத் தீவில கடல் ஆய்வு நிலையம் ஒண்டு தொடங்கினாங்க, டிஸ்கவரி ஆய்வுகள் எண்டு பேர், காசு வந்தது திமிங்கில எண்ணெய் வரியில. விஞ்ஞானிகள் செத்த திமிங்கிலத்தை அளந்தாங்க, வயித்தைத் திறந்து பார்த்தாங்க. திமிங்கிலம் எங்க இருந்து எங்க போகுது எண்டு அறிய நம்பர் அடிச்ச உருக்குக் குழாயைத் துவக்கால உடம்புக்குள்ள சுடுவாங்க. எங்கயோ வேற கப்பல் அதைக் கொண்டு வெட்டேக்க குழாய் வெளியில வரும், அதை அனுப்பிறவருக்குச் சன்மானம். அப்ப அந்தத் துறைக்குள்ள ஆர் ஆர் இருந்தது எண்டு யோசிச்சுப் பாருங்க. வேட்டைக் கம்பனி, வரி எடுக்கிற அரசாங்கம், வெட்டுற தொழிலாளி, அளக்கிற விஞ்ஞானி. திமிங்கிலம் சாகாட்டி தரவு இல்ல. அதால அந்தச் சமூகம் வேட்டையோட ஒட்டித்தான் நிண்டது.

இதை மாத்தினது சாதாரண கமெரா. கனடாவின்ர மேற்குக் கரையில மைக்கல் பிக் எண்ட அரசாங்க உயிரியலாளர் 1970களின்ர தொடக்கத்தில ஓர்க்காக்களை, அதாவது கறுப்பு வெள்ளைக் கொலையாளித் திமிங்கிலங்களை, கணக்கெடுக்கப் போனார். முதல்ல மீனவர், வெளிச்சவீட்டுக் காவலர், போட் வைச்சிருக்கிறவங்க எண்டு ஆயிரக்கணக்கான ஆக்களுக்குப் படிவம் அனுப்பி ஒரே நாளில கண்டதை எழுதித் தரச் சொன்னார். பிறகு முதுகுச் செட்டையையும் அதுக்குப் பின்னால இருக்கிற சேணம் மாதிரித் திட்டையும் படம் எடுத்தா ஒவ்வொண்டையும் பிரிச்சு அறியலாம் எண்டு அவரும் கூட வேலை செய்தவங்களும் கண்டாங்க. எழுத்தும் நம்பரும் போட்டுப் பேர் வைச்சாங்க, அந்தப் பேர்கள் இண்டைக்கும் பாவனையில இருக்கு. உயிரோட இருக்கிற ஒண்டை வருசக் கணக்காப் பின்தொடரலாம் எண்டு வந்தவுடன துறைக்குள்ள வாற ஆக்களே மாறிட்டாங்க. துவக்கு வைச்சிருக்கிறவன் தேவையில்ல, கரையில கமெராவோட நிக்கிறவன் தேவை. ஆனா ஒருத்தன் எடுத்த படம் மற்றவன்ர படத்தோட ஒப்பிட்டாத்தான் பிரயோசனம், ஏனெண்டா திமிங்கிலம் ஒருத்தற்ற கடலில மட்டும் நிக்கிறேல்ல. அப்ப எல்லாரின்ர படத்தையும் ஒரு இடத்தில வைக்க வேணும், ஒரே மாதிரி நம்பர் போட வேணும், ரெண்டு ஆக்கள் ஒரே திமிங்கிலத்துக்கு வேற வேற பேர் வைச்சா ஆர் தீர்க்கிறது எண்டு முடிவெடுக்க வேணும். சங்கம் வேண்டாம் எண்டு நினைச்சாலும் சங்கத்தின்ர வேலை வந்து வாசலில நிக்கும்.

இதில எனக்குப் பிடிச்ச உதாரணம் அமெரிக்காவில மெய்ன் மாநிலத்தில இருக்கிற கொலிஜ் ஒவ் த அத்லாந்திக். ஒரு தீவில இருக்கிற மிகச் சின்னக் கொலிஜ், 1972லதான் வகுப்புத் தொடங்கினது. அங்க இருக்கிற அலைட் வேல் எண்ட குழுதான் வட அத்லாந்திக் ஹம்ப்பாக் (கூன்முதுகுத்) திமிங்கிலங்களின்ர வால்பட அல்பத்தை வைச்சிருக்குது. ஹம்ப்பாக் ஆழத்துக்குப் போகேக்க வாலைத் தூக்கும், வாலின்ர அடிப்பக்கத்தில கறுப்பு வெள்ளைக் கோலம், ஒண்டு மற்றதை மாதிரி இருக்காது. கரிபியன் கடலில ஒருத்தர் எடுத்த படமும் கிறீன்லாந்தில ஒருத்தர் எடுத்த படமும் அந்த அல்பத்துக்கு வந்துதான் ஒரே திமிங்கிலம் எண்டு தெரியவரும். பெரிய யூனிவசிற்றி எதிலயும் இல்லாம, காசும் பேரும் குறைஞ்ச ஒரு இடம் உலகத்துக்கு நடுவில வந்தது அல்பத்தைப் பராமரிக்கிற பொறுப்பை எடுத்ததால. உங்கட ரெண்டாவது கேள்விக்கு மறுமொழியில அரைவாசி இதுக்குள்ள இருக்கு.

திமிங்கிலத்தை விட்டு வேற பக்கமும் இதே கதைதான். 1940களில பக்டீரியாவைத் தாக்குற வைரசுகளை, பேஜ் எண்டு சொல்லுறது, வைச்சு மக்ஸ் டெல்புறூக், சல்வடோர் லூரியா, அல்பிரட் ஹேர்ஷி எண்டு மூண்டு பேர் வேலை செய்தாங்க. அந்தக் காலத்தில ஆளாளுக்கு ஒவ்வொரு பேஜ், ஒவ்வொரு பக்டீரியா. ஒருத்தரின்ர முடிவை மற்றவர் சரிபார்க்க வழியே இல்ல. 1944ல டெல்புறூக் பிடிவாதமா நிண்டு, இனி ரி1ல இருந்து ரி7 வரைக்கும் இந்த ஏழு பேஜைத்தான் பாவிக்கிறது, வளர்க்கிறது ஈ. கோலை எண்ட குடல் பக்டீரியாவின்ர பி வகையிலதான் எண்டு ஒரு உடன்பாட்டுக்கு ஆக்களைக் கொண்டு வந்தார். அடுத்த வருசமே, 1945ல, கோல்ட் ஸ்பிறிங் ஹாபர் லாப்ல கோடைகாலப் பயிற்சி தொடங்கினது. வாற ஆக்கள் சில கிழமை ஒண்டா இருந்து, ஒரே தட்டில ஒரே விதமா பேஜை எண்ணப் பழகிப் போவாங்க. பௌதிகம் படிச்சவனும் இரசாயனம் படிச்சவனும் அங்க வந்து பேஜ்காரனாப் போனாங்க. மூலக்கூற்று உயிரியல் எண்ட துறைக்கு ஆக்கள் சேர்ந்த வாசல்களில அது முக்கியமான ஒண்டு. அந்த மூண்டு பேருக்கும் 1969ல நோபல் கிடைச்சது. இதில நான் திரும்பத் திரும்ப நினைக்கிறது அந்த உடன்பாட்டைத்தான், ஏனெண்டா தன்ர சொந்த பேஜை விட்டுக் குடுக்கிறது எண்டது ஒரு ஆராய்ச்சியாளனுக்குச் சின்ன விசயம் இல்ல, அதில எத்தனை வருச வேலை கிடக்கும்.

புழுக்காரரும் அப்பிடித்தான். சிட்னி பிறென்னர் ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு ஒண்டை, சீ. எலிகன்ஸ், தெரிஞ்செடுத்து 1974ல பெரிய கட்டுரை போட்டார். அடுத்த வருசம் வேர்ம் பிறீடர்ஸ் கசெற் எண்டு ஒரு செய்தி மடல் தொடங்கினது. இன்னும் ஜேர்னலில வராத முடிவுகளை அதில எழுதுவாங்க, எழுதினவரைக் கேக்காம மற்றவர் அதை எடுத்துப் பாவிக்கக் கூடாது எண்டது வழக்கம். 1979ல புழு வகைகளை வைச்சிருந்து கேக்கிறவங்களுக்கு அனுப்ப எண்டே ஒரு நிலையம் வந்தது. இதுக்கு முன்னால பழ ஈ காரரும் 1934லயே இப்பிடி ஒரு மடல் நடத்தினவங்க. மனிதன்ர டிஎன்ஏ முழுக்க வாசிச்ச மனித ஜெனோம் திட்டத்தில 1996ல பெர்மியூடாவில கூடி, வாசிச்ச டிஎன்ஏ வரிசையை 24 மணித்தியாலத்துக்குள்ள எல்லாரும் பார்க்கப் போட வேணும் எண்டு முடிவெடுத்ததும் இதே குடும்பம். பொதுச் சாமான், அதைப் பற்றி ஒரு பழக்கம், அதைக் காக்க ஒரு ஆள்.

பழைய அமைப்புகள் இதை லேசா விடாது. 1807ல லண்டனில பதின்மூண்டு பேர் ஒரு சாப்பாட்டுக் கடையில கூடிப் புவியியல் சங்கம் தொடங்கினாங்க. எல்லா விஞ்ஞானத்துக்கும் பொதுவா இருந்த றோயல் சொசைற்றியின்ர தலைவர் ஜோசப் பாங்ஸ் முதல்ல சேர்ந்தவர், பிறகு அது தனியா நிக்கப் போகுது எண்டு விளங்கினதும் 1809ல விலகிட்டார். ஒரே கூரைக்குக் கீழ எல்லா விஞ்ஞானமும் இருக்க வேணும் எண்டது அவரின்ர எண்ணம். அவர் கெட்டவர் எண்டு நான் சொல்லேல்ல, ஆனா கல்லும் படையும் வரைபடமும் வைச்சிருந்தவங்களுக்குத் தங்கட சாமானை அடுக்கத் தனி அறை தேவைப்பட்டுது. கடல் பாலூட்டி ஆய்வாளருக்கு அந்த அறை 1981ல வந்தது, கடல் பாலூட்டியியல் சங்கம் எண்டு, ஜேர்னல் 1985ல. அதுக்குள்ள 1982ல சர்வதேச திமிங்கில ஆணைக்குழு வணிக வேட்டையை நிறுத்துற முடிவை எடுத்திட்டுது.

இப்ப ஊருக்கு வாறன். 1979ல இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமா அந்த ஆணைக்குழு அறிவிச்சது. அதுக்குப் பிறகு 1981ல இருந்து 1984 வரைக்கும் டியூலிப் எண்ட ஒரு சின்னப் பாய்க்கப்பலில ஹல் வைற்ஹெட், ஜொனதன் கோர்டன் எண்டு இளம் ஆய்வாளர்கள் இலங்கையைச் சுத்தி வேலை செய்தாங்க. உயிரோட இருக்கிற ஸ்பேர்ம் திமிங்கிலத்தை ஆழ்கடலில நாள் கணக்காப் பின்தொடர்ந்து, நீருக்கடி மைக்கைப் போட்டு, அது போடுற டிக் டிக் சத்தத்தை வைச்சுப் படிக்கலாம் எண்டு காட்டின முதல் முயற்சிகளில அது ஒண்டு. 1983, 1984ல எங்கட திருகோணமலைக்கு வெளியிலயே நீலத் திமிங்கிலங்களைப் படம் எடுத்து ஆள் ஆளா அடையாளம் கண்டாங்க. துறைமுக வாய்க்குக் கிட்டவே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமா இறங்குது, அதாலதான் கோணேசர் கோயில் மலையில நிண்டு வெறுங்கண்ணால திமிங்கிலம் ஊதுறதைப் பார்க்க ஏலுது. உலகத்தில இப்பிடி இடம் கனக்க இல்ல.

பிறகு சண்டை. கடலுக்குப் போகவே பாஸ், போனாலும் இத்தனை மணிக்குள்ள திரும்ப வேணும். வைற்ஹெட் போன்றவங்க வேற சமுத்திரங்களுக்குப் போய் அந்த முறையை வளர்த்தாங்க, கனடாவில டல்ஹவுசி யூனிவசிற்றியில ஒரு பரம்பரை ஆய்வாளரையே உருவாக்கினாங்க. விதை விழுந்த இடம் எங்கட கடல், மரம் வளர்ந்தது அங்க. எனக்கு இது மனசில கிடக்கிற நோவு. இஞ்ச புத்திசாலிகள் இல்லாததால இப்பிடி நடக்கேல்ல, அல்பத்தை வைச்சுப் பராமரிக்க இஞ்ச அமைதியும் இல்ல, ஆளும் இல்ல.

பராமரிக்கிறது எவ்வளவு பெரிய விசயம் எண்டதுக்கு இன்னொரு கதை. 1963ல இரத்மலானைக் கரையில ஒரு அலகுத் திமிங்கிலம் ஒதுங்கினது. அப்ப தேசிய நூதனசாலைப் பணிப்பாளரா இருந்த பி. ஈ. பி. தெரணியகல அதைப் பார்த்து இது புது இனம் எண்டு சொல்லி, சிங்களத்தில கூரான அலகு எண்டு அர்த்தம் வாற மாதிரி ஹொட்டௌலா எண்டு பேர் வைச்சார். கொஞ்ச நாளில வெளிநாட்டு நிபுணர்கள் இது ஏற்கனவே தெரிஞ்ச இனம்தான் எண்டு சொல்லிப் பேரை அழிச்சாங்க. அவருக்குப் பக்கத்தில நிண்டு வாதாட அந்தத் துறையில ஒரு கூட்டம் இல்ல. ஆனா எலும்பு இருந்தது. 2014ல இலங்கை, மாலைதீவு, சீஷெல்ஸ், பசிபிக் தீவுகள் எண்டு பல இடத்து மாதிரிகளின்ர டிஎன்ஏயை ஒப்பிட்டு அவர் சொன்னது சரி எண்டு கண்டாங்க. ஐம்பத்தொரு வருசம். தனி ஆள் சரியாச் சொன்னா மட்டும் காணாது, அதைத் தாங்க ஒரு சமூகம் வேணும், அது வாற வரைக்கும் சாமானை ஒருத்தர் எறியாம வைச்சிருக்க வேணும்.

துறை கொஞ்சம் நிமிர்ந்தா வேற வேற வகை அமைப்புகள் வந்து ஒட்டும், ஒண்டை ஒண்டு நம்பி வாழும். எங்கட நாட்டில ஆஷா டி வொஸ் எண்ட கடல் உயிரியலாளர் 2008ல நீலத் திமிங்கிலத் திட்டத்தைத் தொடங்கினார், பிறகு 2017ல ஓஷன்ஸ்வெல் எண்ட அமைப்பு. தெற்குக் கரையில மிரிஸ்ஸவில திமிங்கிலம் காட்டுற போட் தொழில் பெருத்தது, திருகோணமலையிலயும் சீசனுக்கு நடக்குது. தெற்கில திமிங்கிலம் இரை எடுக்கிற இடத்துக்கு மேலாலயே பெரிய கப்பல் பாதை போறதால, கப்பல் அடிச்சுச் சாகிறது பெரிய பிரச்சினை, பாதையைத் தள்ளச் சொல்லி கன வருசம் கேட்டாங்க, 2022ல எம்எஸ்சி கப்பல் கம்பனி தானா முன்வந்து தன்ர கப்பல்களைத் தெற்கால தள்ளி ஓட்டத் தொடங்கினது. ஒரு கப்பல் கம்பனியின்ர ஒபிஸில திமிங்கிலத்தின்ர இரையிடத்தைப் பற்றிக் கதைக்க வைச்சது ஆக்கள் வருசக் கணக்காச் சேர்த்த புள்ளிகள்தான், ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு திகதி, ஒரு இடம்.

இதுக்குள்ள ஒரு அநியாயமும் இருக்கு, அதைச் சொல்லாம விட மாட்டன். வெளியில இருந்து வந்து, தரவை அள்ளிக்கொண்டு போய், இஞ்ச ஒருத்தரையும் பழக்காம, ஒரு பேரும் போடாம விடுறது. ஆஷா டி வொஸ் இதைப் பற்றி வெளிப்படையா எழுதியும் பேசியும் வாறவர். இஞ்சயும் ஒருக்கா ஒரு குழு வந்து, நான் சொன்ன அதே போட்காரரின்ர நோட்புக்கை, பதினோரு வருசமா எந்த நாள் எந்தப் பக்கம் திமிங்கிலம் கண்டது எண்டு அவர் தன்ர கையெழுத்தில எழுதி வைச்சதை, படம் எடுத்திட்டுத் தாறம் எண்டு வாங்கிக்கொண்டு போனாங்க. திரும்பி வரேல்ல. அவர் அதுக்குப் பிறகு எழுதுறதை விட்டிட்டார். அந்த நோட்புக் போனது அவருக்கு மட்டும் நட்டம் இல்ல, அந்தத் துறை தன்ர ஒரு ஆளை இழந்தது. கேட்டா டிகிரி இல்ல எண்டு சொல்லுவாங்க. மைக்கல் பிக் மீனவருக்கும் வெளிச்சவீட்டுக் காவலருக்கும் படிவம் அனுப்பேக்க டிகிரி கேக்கேல்ல.

அப்ப நீங்க என்ன செய்யலாம் எண்டு கேட்டா, சங்கம் பதியிறதில தொடங்காதீங்க. இஞ்ச தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு செய்து ரப்பர் ஸ்ராம்பும் அடிச்சுப்போட்டு ஆறு மாசத்தில படுத்த சங்கங்களை நான் கனக்கப் பார்த்திட்டன். நாலு பேர் சேர்ந்து பராமரிக்கக் கூடிய ஒரு சாமானைத் தெரிஞ்செடுங்க. திமிங்கிலமா இருக்கத் தேவையில்ல, புறாமலையில பவளப் பாறை வெளுக்கிறதை ஒரே இடத்தில நிண்டு மாசம் ஒருக்காப் படம் எடுக்கலாம், கொட்டியாரக் குடாவில கண்டல் எங்க குறையுது எண்டு குறிக்கலாம், கரைவலையில என்ன மீன் எந்த மாசம் வருது எண்டு எழுதலாம். ஆனா ஒரே விதமா எழுதுங்க, ஒரே படிவம், ஒரே பேர். ரெண்டு இடத்தில கொப்பி வைச்சிருங்க. ஆர் குடுத்தது எண்டு ஒவ்வொரு வரிக்கும் பேர் போடுங்க, போட்காரரின்ர பேர் முதல்ல. ரெண்டு மூண்டு வருசம் ஓடினா வெளியில இருந்து ஒருத்தர் கடிதம் போடுவார், உங்கட தரவைப் பார்க்கலாமா எண்டு. அப்ப நீங்க நிபந்தனை சொல்லலாம், எங்கட பிள்ளைகள் ரெண்டு பேரைப் பழக்கித் தாங்க எண்டு. அந்தக் கடிதம் வாற நேரம் பதியிறது, பாங்க் எக்கவுண்ட் திறக்கிறது எல்லாம் ஒரு கிழமை வேலை.

நான் இப்ப போட்ல ஏறினவுடன செய்யிற முதல் வேலை, ஜிபிஎஸ் திரையை, திகதியும் நேரமும் தெரியிற மாதிரி, ஒரு படம் எடுக்கிறது. பிறகுதான் கடலைப் பார்க்கிறது. போன மாசம் அந்தப் போட்காரருக்குப் புது நோட்புக் ஒண்டு வாங்கிக் குடுத்தன், ரெண்டு கொப்பி எழுதுவம், ஒண்டு உங்கட வீட்டில மற்றது என்ர வீட்டில எண்டு சொன்னன். வாங்கி வைச்சார். முந்தநாள் போகேக்க பார்த்தன், முதல் பக்கத்தில மூண்டு வரி எழுதியிருக்கு. காலமை 6.40, மலைக்கு நேர வெளியில, ரெண்டு, ஒண்டு குட்டி.